அலமாரிச் சாவியையும் தாருங்கள்

திருவள்ளூர் மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள் சமுகத்துக்குத் திருத்தணிவாசி ஒருவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஒன்று மூண்டுவிட்டது என்ற செய்தி வந்த மாத்திரத்தில், இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே ஒருவருடைய வாக்கை எதிர்நோக்கியே இரவு படுக்கப் போகிறார்கள். அந்த ஒருவர் தாங்கள். முதன்மந்திரி இன்னார், பிரதம மந்திரி இன்னார் என்று அறியாத சிறுவனுக்கும், கலெக்டர் என்று ஒருவர் உண்டென்பதும் மழை வலுத்தால் அவர் மனம் இளகும் என்பதும் திண்ணமாகத் தெரியும். பெருமழையில் பிள்ளைகளை வீட்டில் இருத்திக்கொள்வது விவேகமான காரியம்; 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையையும் அதைச் சூழ்ந்த மாவட்டங்களையும் புரட்டிப் போட்டதைக் கண்ட எவரும் அதில் குறை சொல்ல மாட்டார்கள். நானும் சொல்ல வரவில்லை. ஆனால், விடுமுறை உத்தரவு பள்ளியின் கதவைத்தான் சாத்துகிறது. அன்றைய பகற்பொழுது திறந்தபடியே கிடக்கிறது. அதைப் பிள்ளை எதைக்கொண்டு நிரப்புவது என்பது பற்றி உத்தரவில் ஒரு வார்த்தையும் இல்லை. ஆகவே அதைக் கைப்பேசி நிரப்பிவிடுகிறது.

இதற்காகத் தாய்மார்களை நொந்துகொள்வது எளிது, நியாயம் அன்று. பிள்ளைக்கு விடுமுறை கிடைத்ததே ஒழிய, திருத்தணி ஸ்டேஷனில் இருட்டோடு ரயிலேறிச் சென்னைக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு யாரும் விடுமுறை அளித்துவிடவில்லை. பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கங்களில் தறியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களின் சங்கடம் வேறு வகை. வீட்டின் பெரும்பகுதியைத் தறி அடைத்துக்கொள்ள, மிஞ்சிய இடத்தில் அடுப்பும் படுக்கையும் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். ஓடுகிற விசைத்தறியின் அருகே நாலு வயதுப் பிள்ளை தாவிக் குதித்தால் ஆபத்து. வெளியே விடலாமென்றால் மழை. கைப்பேசியைக் கொடுத்துவிட்டால் பிள்ளை சுவரோரம் சாய்ந்து இரண்டு மணி நேரம் அசையாமல் இருக்கிறது. அந்தத் தாய் நாடுவது பிள்ளையின் கேளிக்கையை அன்று, பிள்ளையின் க்ஷேமத்தை. தவிரவும், 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது பாடமே கைப்பேசி வழியாகத்தான் வரும் என்று சொல்லி, கடன்பட்டாவது ஒன்றை வாங்கும்படி அவளை நிர்ப்பந்தித்தது ஊரும் உலகமும் சேர்ந்துதானே?

மழையை மட்டும் சொல்வதற்கில்லை. நம் ஊரில் பிள்ளைகளைச் சிறை வைப்பதில் மழையைக் காட்டிலும் வெயிலே வல்லது. கோடையில் வானிலை மையத்தார் வெளியிடும் பட்டியலில், வேலூரோடு போட்டியிட்டுக்கொண்டு திருத்தணி முன்வரிசையில் நிற்பது வழக்கம். 40 பாகை என்பது இங்கே செய்தியே அன்று. 2023-இல் வெயிலின் கொடுமையால் பள்ளிகள் திறப்பதே ஜூன் தொடக்கத்திலிருந்து 12-க்கும், தொடக்க வகுப்புகளுக்கு 14-க்கும் தள்ளிப்போயிற்று. மலைப்பாறை காய்ந்து மாலை வரை அனல் கக்கும் இவ்வூரில், பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் இடையே எந்தப் பிள்ளையைத் தெருவில் ஆடச் சொல்வது?

இரண்டு முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை ஆகாது, ஒரு வயதுக் குழந்தைக்கு அறவே வேண்டாம், அதற்குப் பதில் கதை சொல்லுங்கள், வாசித்துக் காட்டுங்கள் என்று 2019-இல் உலக சுகாதார நிறுவனம் உபதேசித்தது. பாட்டியிடம் கதை கேட்பதற்கு ஜெனீவாவிலிருந்து அனுமதி வரவேண்டியதாயிற்றே என்று சிரிக்கத் தோன்றினாலும், சொன்னது சரியே.

நம்மிடம் உபாயங்களுக்குப் பஞ்சமில்லை. திருத்தணி இரண்டு பாஷைகள் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஊர். 1960 ஏப்ரல் முதல் தேதி சித்தூர் ஜில்லாவிலிருந்து பிரிந்து இது சென்னை ராஜ்யத்தோடு சேர்வதற்கு, வடக்கெல்லைப் போராட்டத்தில் ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் பட்ட பிரயாசை கொஞ்சமன்று. ஆயினும் எல்லைக்கோடு எங்கே விழுந்தாலும், தமிழ் வீட்டில் பல்லாங்குழி என்றும் தெலுங்கு வீட்டில் வாமன குண்டலு என்றும் வழங்குவது ஒரே ஆட்டந்தான். பலகை இல்லாவிட்டால் தரையில் சாக்பீஸால் பதினான்கு வட்டம் போட்டால் போதும். புளி கரைக்கிற வீட்டில் கொட்டைக்குக் குறைவில்லை. ஒரு குழியை அள்ளி ஒவ்வொன்றாக இட்டுக்கொண்டே வருகையில், தன் பக்கத்துக் குழியில் நான்கு சேர்ந்தால் ‘பசு’ என்று கூவி எடுத்துக்கொள்ள வேண்டும். காலிக் குழி எதிர்ப்பட்டால் அதைத் துடைத்துவிட்டு அடுத்த குழியில் உள்ளதை வாரிக்கொள்ளலாம். எந்தக் குழியில் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று, கொட்டைகளின்மேல் கையை வைத்தபடி மனத்துக்குள் எண்ணிப் பார்க்கும் ஏழு வயதுச் சிறுமியின் முகத்தைத் தாங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். எந்த வாய்பாட்டு வகுப்பிலும் அந்த முகம் காணக் கிடைக்காது. அதே புளியங்கொட்டையை ஒருபுறம் கல்லில் தேய்த்தால் தோல் போய் வெள்ளை தெரியும். அதுவே தாயம் உருட்டப் போதுமானது. தேய்த்த கொட்டை சுடச்சுட இருக்கும்போதே பக்கத்தில் இருப்பவன் தொடையில் வைத்து அலறவைப்பது இதன் உபவிளையாட்டு. அதைத் தடுக்க எந்த ஆட்சியராலும் ஆகாது.

பழமையைக் கொண்டாடுவது என் நோக்கமன்று. இவற்றில் ஒரு குறை உண்டு: ஆட்டத்துக்கு ஆள் வேண்டும். ஒற்றைப் பிள்ளையாய் வீட்டில் அடைபட்டிருப்பவனுக்குப் பல்லாங்குழி வெறும் பலகை. அவனுக்கு உகந்தவை காகிதமும் புத்தகமுமே. காகிதம் என்றதும், டிப்டி கலெக்டராக இருந்த ஒருவரைத் தங்களுக்கு நினைவூட்ட அனுமதிக்க வேண்டும். கும்பகோணம் கல்லூரியில் கணிதம் பயின்ற டி. சுந்தரராவ், பின்னாளில் அப்பதவியை வகித்தவர், ஒரு சதுரத் தாளை மடித்தே சமபக்க முக்கோணமும் ஐங்கோணமும் அறுகோணமும் காணும் வழியை விளக்கி 1893-இல் சென்னையில் ஒரு நூல் வெளியிட்டார். மழலையர் பள்ளிக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் காகித மடிப்பு விளையாட்டே அதற்கு வித்து. ஜெர்மானியக் கணித மேதை பெலிக்ஸ் க்ளைன் அதை எடுத்துப் பேசினார். 1901-இல் சிகாகோவிலேயே அது பதிப்பிக்கப்பட்டது. பழைய நோட்டுப் புத்தகத்தின் தாளைக் கிழித்துக் கப்பல் செய்யும் பையனை அதட்டுமுன் நாம் சற்று யோசிப்பது நல்லது.

புத்தகத்துக்கு வருகிறேன்; தங்களிடம் வந்ததே அதற்காகத்தான். அரசுப் பள்ளிகளில் சிறுவர் நூல்கள் இல்லாமலில்லை. ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ என்று பள்ளிக் கல்வித் துறையே சஞ்சிகைகள் வெளியிடுகிறது. வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்களும் வந்திருக்கின்றன. அவற்றுள் பல அலமாரியில் பத்திரமாகப் பூட்டிக் கிடக்கின்றன. பூட்டியவர்மேல் கோபிப்பதில் பயனில்லை. புத்தகம் தொலைந்தால் தணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் தலைமையாசிரியர். ஒருவரும் தொடாத புத்தகம் இருப்புப் பதிவேட்டில் ஒழுங்காக நிற்க, பத்துப் பிள்ளைகள் படித்துக் கிழிந்த புத்தகமோ அவர்மேல் குற்றமாக வந்து விழுகிறது. இந்த அச்சத்தைப் போக்கக்கூடியவர் தாங்களே.

1888-இல் இவ்வூரில் பிறந்த ராதாகிருஷ்ணனை முன்னிட்டு நாடே ஆசிரியர் தினம் கொண்டாடும் செப்டம்பர் 5-க்குப் பின், வடகிழக்குப் பருவமழைக்கு ஒரு மாதமேனும் அவகாசம் இருக்கிறது. அந்த நாள் தொட்டு ஒவ்வொரு தொடக்கப்பள்ளிப் பிள்ளையும் இரண்டு புத்தகங்களை வீட்டுக்கு எடுத்துப் போகலாம், தை பிறந்தபின் திருப்பித் தரலாம், நனைந்தாலும் கிழிந்தாலும் எந்த ஆசிரியரிடமும் விலை கேட்கப்பட மாட்டாது என்று தாங்கள் ஒரு சுற்றறிக்கை விடுக்க வேண்டும். கோடை விடுமுறைக்கும் அதுவே விதியாகட்டும். வீட்டு வரியோடு நூலக வரியும் செலுத்துகிறோம். கிளை நூலகங்களின் சிறுவர் நூல்களில் ஒரு பெட்டி தறிக்காரர் தெருக்களுக்குப் போனால் அந்த வரி வீண் போகாது. ஆட்டத்துக்கு ஆள் சேர்க்கவும் வழி இருக்கிறது: 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக உழைத்த பெண்கள் ஊர்தோறும் இருக்கிறார்கள், மழை விட்ட வேளையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஐந்தாறு பேரைத் தம் வீட்டுத் தாழ்வாரத்தில் கூட்டிவைக்க அவர்களைக் கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. மழை விடுமுறை என்று தாங்கள் அறிவித்த ஒரு மணி நேரத்துக்குள், சில பள்ளிகள் கைப்பேசி வழியாகவே வீட்டுப் பாடத்தை அனுப்பிவிடுகின்றன. பாடம் பார்க்கிறேன் என்று வாங்கிய பிள்ளை அதைத் திருப்பிக் கொடுப்பது சாயங்காலந்தான். அப்படி அனுப்பலாகாது என்று அதே உத்தரவில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். புத்தகங்கள் ஏற்கெனவே வாங்கியவை. வேண்டுவது தங்கள் கையொப்பம். இந்த ஆண்டு ஆசிரியர் தினத்துக்கு முன் அதை இட்டருளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
திருத்தணிவாசி ஒருவன்