கீவா, க்வீவா: இரண்டும் சரியே

ஐரிஷ் நடிகை ஸர்ஷா ரோனனின் பெயரை ஆங்கில எழுத்தில் பார்ப்பவர்கள் 'சவோயிர்ஸ்' என்று தடுமாறுவார்கள். 2017இல் 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியில் அவர் அதைப் பாட்டாகவே பாடி விளக்கினார். ஆனால், அவர் சொல்லும் 'ஸர்ஷா'வும் அயர்லாந்து முழுமைக்கும் பொதுவானதல்ல. 'ஸீர்ஷா', 'ஸேர்ஷா' என்பவர்களும் அங்கே உண்டு.

ஐரிஷ் எழுத்துமுறை குழப்படியானது என்பது ஆங்கிலத்தை அளவுகோலாக வைத்திருப்பவர்களின் புகார். (ஆங்கில எழுத்துமுறையின் லட்சணம் நமக்குத் தெரியாததா?) மரபான ஐரிஷ் நெடுங்கணக்கில் 18 எழுத்துகள்தான், 'வி' கிடையாது. அந்த ஒலிக்கு 'பி'யையோ 'எம்'மையோ மென்மையாக்க வேண்டும். பழைய அச்சில் எழுத்தின் தலையில் புள்ளி வைத்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் ரோமன் அச்சுக்கு மாறியபோது, புள்ளி போய் பக்கத்தில் ஒரு 'எச்' வந்து உட்கார்ந்தது. 'நீவ்' என்ற பெண்பெயர் 'எம்', 'எச்' என்று முடிவது இதனால்தான். உயிரெழுத்துகள் பலவும் தாமாக ஒலிப்பதில்லை. பக்கத்து மெய் எப்படி ஒலிக்கும் என்று காட்டுபவை. 'எஸ்'ஸை அடுத்து 'ஏ', 'ஓ', 'யு' வந்தால் ஸகரம். 'இ', 'ஐ' வந்தால் ஷகரம். ரோனனின் பெயரில் இரண்டுமே இருக்கின்றன. ஷானும் ஷினேடும் இதே கணக்குதான்.

விதி ஒன்றாக இருந்தும் வாய்மொழி வேறுபடுகிறது. தெற்கே மன்ஸ்டர், மேற்கே கொனாக்ட், வடக்கே அல்ஸ்டர் என மூன்று பெரும் வட்டார வழக்குகள். 'கீவா' என்று தெற்கிலும் மேற்கிலும் அழைக்கப்படும் பெண், எழுத்து மாறாமலே அல்ஸ்டரில் 'க்வீவா' ஆகிறாள். தொமாஸ் என்ற பெயரில் மன்ஸ்டர்காரர் இரண்டாம் அசையை அழுத்துவார்; அல்ஸ்டர்காரர் முதல் அசையை அழுத்தி, அடுத்த நெடிலைக் குறுக்கிவிடுவார். 1974 முதல் 1976 வரை குடியரசுத் தலைவராக இருந்தவரின் குடும்பப் பெயரான 'ஓ டாலி'யின் கடைசியில் மன்ஸ்டரில் ஒரு 'க்' தொற்றிக்கொள்ளும். 1958இல் அரசு வெளியிட்ட தரநிலை எழுத்தையும் இலக்கணத்தையும் ஒழுங்குபடுத்தியது, உச்சரிப்பில் கைவைக்கவில்லை. அது புத்திசாலித்தனமான முடிவு என்பேன்.

பெயரை எந்த எழுத்தில் எழுதுவது என்பதே அங்கே வழக்காகியிருக்கிறது. வண்டியில் உரிமையாளர் பெயர் படிக்கக்கூடிய எழுத்தில் இருக்க வேண்டும் என்பது பிரிட்டிஷ் ஆட்சிக்காலச் சட்டம். டானிகால் விவசாயி ஒருவர் தம் பெயரை ஐரிஷில் எழுதியதால் தண்டிக்கப்பட்டார். 1905இல் அவருக்காக வாதாடித் தோற்ற வழக்கறிஞர், பின்னாளில் 1916 ஈஸ்டர் எழுச்சிக்குத் தலைமையேற்ற பேட்ரிக் பியர்ஸ்.

ஆங்கில ஒலிப்படி எழுதினால் என்ன நேரும் என்பதற்கு 'ஷான்' நல்ல சாட்சி. நார்மன்கள் கொண்டுவந்த பிரெஞ்சுப் பெயரின் ஐரிஷ் வடிவம் அது. அதன் அல்ஸ்டர் உச்சரிப்பை ஆங்கிலத்தில் எழுதியபோது 'ஷேன்' பிறந்தது. மற்ற வட்டாரங்களின் உச்சரிப்பு 'ஷான்' என்றே நின்றது. இன்று உலகம் அவற்றை இரு வேறு பெயர்களாகவே நினைக்கிறது. வெளிநாட்டில் பிள்ளை சிரமப்படக் கூடாது என்று 'கீவா'வை ஆங்கில ஒலிப்படி 'கே'யும் 'வி'யுமாக எழுதும் பெற்றோரின் கவலை நியாயமானதுதான். ஆனால், அப்படி எழுதியதை 'க்வீவா' என்று வாசிக்க வழியில்லை; அல்ஸ்டர் பெண்ணுக்கு வேறோர் எழுத்துக்கூட்டு தேவைப்படும். பழைய எழுத்தில் இருவருக்கும் ஒரே பெயர்.