கையால் கட்டிய விமானம் கைமாறும்போது

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2025 ஜூலையில் வெளியிட்ட ‘மொசைக்’ விதிகளின் ஒரு பகுதி அவ்வாண்டு அக்டோபர் 22 முதல் நடைமுறைக்கு வந்தது. ‘ஸ்போர்ட் பைலட்’ என்னும் எளிய உரிமம் பெற்றவர்களும், தனிப் பயிற்சிச் சான்று இருந்தால், சக்கரங்களை உள்ளிழுக்கும் விமானங்களை இனி ஓட்டலாம். வரவேற்க வேண்டிய தளர்வுதான். ஆனால், ஆர்வலர்கள் தாங்களே கட்டிய பழைய விமானங்களை வாங்க இவர்கள் முன்வந்தால், விலையில் தெரியாத ஒரு செலவு அங்கே காத்திருக்கிறது.

லான்சேர் 360 போன்ற விமானங்களில், மின்சார பம்ப் அழுத்தி அனுப்பும் எண்ணெய்தான் சக்கரங்களை மடக்குகிறது, விரிக்கிறது. அந்த அழுத்தத்தைக் காப்பவை சிறு ரப்பர் வளையங்கள். விமானங்களுக்குரிய சிவப்புக் கனிம எண்ணெய்க்கு நைட்ரைல் ரப்பர் ஏற்றது. கார் பிரேக் திரவத்துக்கு ஈ.பி.டி.எம். ரப்பர் வேண்டும். ஈ.பி.டி.எம். வளையத்தைக் கனிம எண்ணெயில் இட்டால் அது ஊதிப் பெருத்துக் கெட்டுவிடும். பார்வைக்கு இரண்டும் ஒரே கறுப்பு வளையம்தான். சிலிண்டருக்குள்ளேயே பிஸ்டனைக் கடந்து எண்ணெய் கசிந்தால் தரையில் ஒரு சொட்டுகூட விழாது.

தொழிற்சாலை விமானத்தில் அங்கீகரிக்கப்பட்ட பாகத்தையே பொருத்த வேண்டும். பாதிக்கு மேற்பட்ட வேலையை ஆர்வலரே செய்து முடித்த விமானத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. பழுதையும் எவரும் நீக்கலாம். செலவு குறைகிறது, இச்சுதந்திரத்தை நான் குறை கூற மாட்டேன். சிக்கல் விற்பனையின்போது எழுகிறது. ஆண்டுதோறும் அவ்விமானத்தைச் சோதித்துக் கையெழுத்திடக் கட்டியவர் பெறும் சான்றிதழ், வாங்குபவருக்குச் செல்லாது. எந்த வளையத்தை எங்கே மாற்றினார் என்ற அறிவும் செல்வதில்லை.

விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத சந்தை எப்படிச் சீர்கெடும் என்பதைப் பழைய கார்களை வைத்து ஜார்ஜ் அகர்லாஃப் 1970இலேயே விளக்கினார். காருக்காவது கேட்க ஒரு நிறுவனம் உண்டு. இங்கே உற்பத்தியாளரே விற்பவர். அவர் மறைந்துவிட்டால் கேட்க ஆளில்லை. 2011இல் விபத்துக்குள்ளான இத்தகைய விமானங்களில் பாதிக்கு மேற்பட்டவை, இப்போதைய உரிமையாளர் கட்டாமல் விலைக்கு வாங்கியவை என அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் 2012 ஆய்வு கண்டறிந்தது. அவை அனைத்தும் சக்கரக் கோளாறுகள் அல்ல. ஆயினும் அறிவு கைமாறாததன் விலையை அந்த எண்ணிக்கை உணர்த்துகிறது.

ஒவ்வொரு வளையத்தின் அளவு, ரப்பர் வகை, ஊற்றிய எண்ணெய், மாற்றிய தேதி ஆகியவை அடங்கிய பட்டியலை விற்பனைப் பத்திரத்துடன் இணைப்பதை நிர்வாகம் கட்டாயமாக்கலாம். கட்டுப்பாடு இக்கலையைக் கொன்றுவிடும் என ஆர்வலர்கள் அஞ்சுவார்கள். எதையும் தடுக்காமல், செய்ததைச் சொல்லச் சொல்வதற்கு அந்த அச்சம் பொருந்தாது.

அதுவரை, பட்டியல் இல்லாத விமானத்தை வாங்குபவர் அதை ஜாக்கிகளில் தூக்கி நிறுத்தி, சக்கரங்களைப் பலமுறை மடக்கி விரித்துப் பார்க்கட்டும். பம்ப் இயங்காத நிலையில் அவசரமாக இறக்கும் முறையையும் சோதிக்கட்டும். பிறகு, உள்ளே இருக்கும் திரவம் எதுவென உறுதி செய்து, வளையங்கள் அனைத்தையும் ஒருசேர மாற்றி, அந்தச் செலவை விலையில் கழித்துக்கொள்ளட்டும்.