அயல்நாட்டுக் கல்வி: முதல் ஆண்டுக் கணக்கும் முழுக் கணக்கும்



தேர்வு முடிவுகள் வெளிவரும் காலங்களில் நம் பங்குகளில் பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சாமி, பிள்ளையைக் கனடாவுக்குப் படிக்க அனுப்பலாமா?" என்பதே அக்கேள்வி. இதற்குள் இன்னொரு கேள்வி மறைந்திருக்கிறது. பணத்திற்கு என்ன செய்வது என்பதுதான் அது. முதல் கேள்விக்குப் பதில் சொல்ல முகவர்கள் பலர் இருக்கிறார்கள். இரண்டாவது கேள்வியைக் குறித்து நம்மோடு அமர்ந்து பொறுமையாகப் பேசத்தான் ஆளில்லை. எனவே அதைப் பற்றி இன்று சற்றுச் சிந்திப்போம்.

பிள்ளைகள் கடல் கடந்து படிப்பது நல்லது. அதை நாம் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் முதல் ஆண்டுக்குத் தேவையான பணத்தைப் புரட்டிவிட்டால் மற்றதைப் பிள்ளையே வேலை செய்து பார்த்துக்கொள்வான் என்ற நம்பிக்கையில் வீட்டுப் பத்திரத்தை அடகு வைப்பதைத்தான் நாம் கேள்விக்கு உட்படுத்த வேண்டும்.

கட்டணம் ஏன் இவ்வளவு?

கனடா நாட்டின் புள்ளியியல் துறை தரும் கணக்கின்படி, 2024-25 கல்வி ஆண்டில் இளங்கலைப் பட்டப்படிப்புக்கு அந்நாட்டு மாணவர் செலுத்திய சராசரிக் கட்டணம் ஆண்டுக்கு 7,360 கனடிய டாலர். வெளிநாட்டு மாணவர் செலுத்தியதோ 40,114 டாலர். அதாவது ஐந்து மடங்குக்கும் மேல். முதுகலை, டிப்ளமோ படிப்புகளில் இத்தொகை குறைவு என்றாலும், வேறுபாடு அங்கும் உண்டு.

இதற்குக் காரணம் இருக்கிறது. ஒன்ராறியோ மாநில அரசு 2019ஆம் ஆண்டில் உள்நாட்டு மாணவர்களின் கட்டணத்தைப் பத்து விழுக்காடு குறைத்தது. பின்னர் பல ஆண்டுகள் அதை உயர்த்தவும் விடவில்லை. அரசின் மானியமும் போதுமானதாக இல்லை. எனவே கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர்களை நாடின. அம்மாநிலத்தின் தலைமைத் தணிக்கையாளர் 2021இல் வெளியிட்ட அறிக்கை, அரசுக் கல்லூரிகளில் வெளிநாட்டு மாணவர்கள் முப்பது விழுக்காட்டினரே என்றும், மொத்தக் கட்டண வருவாயில் 68 விழுக்காடு அவர்களிடமிருந்தே வந்தது என்றும் சுட்டிக்காட்டியது. அந்த மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர்கள்.

இதை நாம் நன்கு மனத்தில் இருத்த வேண்டும். ஒரு கல்லூரி நம் பிள்ளைக்கு விரைவாக இடம் தருகிறது என்றால், அது பிள்ளையின் திறமைக்காக இருக்கலாம். கல்லூரியின் பணத் தேவைக்காகவும் இருக்கலாம். நமக்கு இலவசமாக ஆலோசனை சொல்லும் முகவருக்குப் பெரும்பாலும் அந்தக் கல்லூரியே தரகு தருகிறது. அவர் சொல்வதெல்லாம் பொய் என்று இதற்குப் பொருளல்ல. ஆனால் அவர் நம் வீட்டுக் கடனுக்குப் பொறுப்பேற்பவர் அல்லர் என்பதை மறக்கக் கூடாது.

பகுதிநேர வேலை போதுமா?

கட்டணத்தோடு, ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கும் கையில் பணம் இருப்பதாக மாணவர் காட்ட வேண்டும் என்பது கனடிய அரசின் விதி. ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகப் பத்தாயிரம் டாலர் என்றிருந்த இத்தொகை, 2024 சனவரியில் 20,635 டாலராகவும், 2025 செப்டம்பரில் 22,895 டாலராகவும் உயர்த்தப்பட்டது. டாலருக்கு அறுபது ரூபாய் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் இது 13 லட்சத்து 73 ஆயிரம் ரூபாய். கல்விக் கட்டணமும் பயணச் செலவும் தனி.

"வேலை செய்து சமாளிக்கலாம்" என்று சொல்வோர் கீழ்க்கண்ட கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். 2024 நவம்பரில் வந்த விதிப்படி, வகுப்புகள் நடக்கும் காலத்தில் மாணவர் வளாகத்திற்கு வெளியே வாரத்திற்கு 24 மணி நேரம் மட்டுமே வேலை செய்யலாம். ஒன்ராறியோவில் குறைந்தபட்ச ஊதியம் 2025 அக்டோபர் முதல் மணிக்கு 17.60 டாலர். ஒரு வாரமும் விடாமல் ஆண்டின் 52 வாரங்களும் இப்படி உழைத்தால் கிடைப்பது 21,965 டாலர். அரசே வாழ்க்கைச் செலவுக்குத் தேவை என்று சொல்லும் தொகையை விட இது குறைவு! விடுமுறையில் முழுநேரம் வேலை செய்து இன்னும் கொஞ்சம் சேர்க்கலாம் என்பது உண்மை. ஆனால் வேலை உடனே கிடைக்கும் என்பதற்கோ வாரம் தவறாமல் கிடைக்கும் என்பதற்கோ எந்த உறுதியும் இல்லை. ஆக, பகுதிநேர வேலை சோற்றுக்கும் வாடகைக்கும் துணை நிற்கும். கல்விக் கட்டணத்தைக் கட்டாது.

காகிதத்தில் மட்டும் இருக்கும் பணம்

வங்கி இருப்பைக் காட்டுவதற்காக வட்டிக்குப் பணம் வாங்கிக் கணக்கில் போடும் வழக்கம் நம்மிடையே பரவியுள்ளது. விசா கிடைத்ததும் அப்பணம் கொடுத்தவரிடமே திரும்பிப் போய்விடுகிறது. சில குடும்பங்கள் வாழ்க்கைச் செலவுக்கான வைப்புத் தொகையையே கடன் வாங்கிக் கட்டுகின்றன. அங்கே மாதந்தோறும் கிடைக்கும் தவணையை ஊரில் உள்ள கடனுக்கு அனுப்பிவிட்டால், பிள்ளை எதை உண்ணும்?

2023ஆம் ஆண்டின் இறுதியில் ஒன்ராறியோவின் பிராம்ப்டன் நகரில் இருந்த ஓர் இலவச உணவு மையம், இனி வெளிநாட்டு மாணவர்களுக்கு உணவுப் பொருள் தர இயலாது என்று அறிவித்தது. போதிய பணம் இருப்பதாகக் காட்டித்தானே அவர்கள் வந்தார்கள் என்பது அங்கே எழுந்த கேள்வி. அதைக் கேட்டு நாம் கோபப்படலாம். ஆனால் அம்மாணவர்களில் எத்தனை பேருடைய பணம் காகிதத்தில் மட்டும் இருந்தது என்றும் நாம் கேட்டாக வேண்டும். பசியோடு இருக்கும் பிள்ளை அதை வீட்டில் சொல்வதில்லை. அப்பா வைத்த அடகும் அம்மா கழற்றித் தந்த நகையும் அதன் வாயை அடைத்துவிடுகின்றன.

கடனின் உண்மை முகம்

வங்கியில் கல்விக் கடன் பெறுவது கந்துவட்டிக்கு வாங்குவதை விட எவ்வளவோ மேல். எனினும் அதையும் முழுமையாகப் புரிந்துகொள்வோம். படிக்கும் காலத்திலும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்று சொல்லப்படுகிறது. தவணை இல்லை என்றால் வட்டியும் இல்லை என்று பலர் எண்ணுகிறார்கள். வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். முப்பது லட்சம் ரூபாயைப் பத்து விழுக்காடு தனிவட்டிக்கு முதலிலேயே பெற்றதாகக் கொள்வோம். ஈராண்டுப் படிப்பும் அடுத்த ஓராண்டும் கழிந்தபின் கடன் 39 லட்சமாக நிற்கும். அதைப் பத்தாண்டுகளில் அடைக்க, மாதம் ஏறக்குறைய 51,500 ரூபாய் கட்ட வேண்டும். கனடாவில் வேலை கிடைத்தால் இது சுமக்கக்கூடிய சுமைதான். கிடைக்காவிட்டால், இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட்ட தந்தையின் ஓய்வுக்காலத்தின் மேல் அது விழும்.

அந்த வேலைக்கான வாசலும் குறுகி வருகிறது. 2024 சனவரியில் கனடா புதிய மாணவர் அனுமதிகளுக்கு உச்சவரம்பு விதித்தது. அவ்வாண்டு நவம்பர் முதல், பல டிப்ளமோ படிப்புகளை முடித்தவர்களுக்குப் படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி, படித்த துறையைப் பொறுத்தே கிடைக்கும் என்றாயிற்று. பணம் கட்டும் முன்பே இதைக் கேட்டறிய வேண்டும்.

நம் சமூகத்திற்கு இன்னொரு செய்தியும் உண்டு. சிறுபான்மை மாணவர் வெளிநாட்டில் படிக்கப் பெறும் கடனுக்கு வட்டி மானியம் தந்த 'படோ பர்தேஷ்' என்ற நடுவண் அரசுத் திட்டம் 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். தலித் கிறிஸ்தவ மாணவர்களுக்கோ தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் இருக்கிறது. மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிடரும் இதற்கு விண்ணப்பிக்கலாம். மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

வேறு நாடுகளையும் பாருங்கள். செர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவரிடமும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் மட்டும் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்திற்கு வெளியிலிருந்து வருவோரிடம் பருவத்திற்கு 1,500 யூரோ பெறுகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் கட்டணம் வாங்கத் தொடங்கியுள்ளது. அங்கும் ஓராண்டுச் செலவுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் வைக்க வேண்டும். ஆனால் அது மாதம் 992 யூரோவாகப் பிள்ளையின் கைக்கே திரும்பி வரும். சேர்க்கைத் தகுதி கடினமானதுதான். பணம் குறைவாகக் கேட்கும் இடம் படிப்பை அதிகமாகக் கேட்கும்.

நாம் செய்ய வேண்டியவை

1. முதல் ஆண்டுக்கு மட்டுமன்றி, படிப்பு முடியும்வரை ஆகும் முழுச் செலவையும் ஒரே தாளில் எழுதுங்கள். பகுதிநேர வருமானத்தை அதில் சேர்க்காதீர்கள்.

2. கல்லூரியின் பெயர் அந்நாட்டு அரசின் அங்கீகாரப் பட்டியலில் உள்ளதா என்று நீங்களே பாருங்கள். சேர்க்கைக் கடிதத்தைக் கல்லூரியிடமே உறுதி செய்யுங்கள். போலிக் கடிதங்களால் பஞ்சாப் மாணவர் பலர் நாடு கடத்தப்படும் நிலைக்கு ஆளான செய்தி 2023இல் வெளிவந்ததை நாம் அறிவோம்.

3. பிள்ளைக்கு வேலை கிடைக்காவிட்டாலும் ஓராண்டு தவணை கட்ட வழி உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் கடனைக் குறையுங்கள். அல்லது இங்கேயே பட்டம் முடித்து, ஓரிரு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, முதுகலைக்கு அனுப்புங்கள்.

4. குடியிருக்கும் ஒரே வீட்டை அடகு வைக்கும் முன், வீட்டில் உள்ள எல்லாரையும் கேளுங்கள். அவ்வீட்டில் மற்றப் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு.

நம் அன்பியக் கூட்டங்களில் இதைப் பேசலாம். வெளிநாட்டில் படித்து முடித்த நம் பங்கு இளையோரை அழைத்து, உண்மைக் கணக்கைச் சொல்லச் சொல்லலாம். கட்டடம் கட்டத் தொடங்கும் முன் அமர்ந்து செலவைக் கணக்கிடச் சொன்னவர் நம் ஆண்டவர். அது துணிவில்லாதவர்களுக்கான அறிவுரை அன்று. கட்டி முடிக்க விரும்புகிறவர்களுக்கானது.

ஏற்கெனவே பிள்ளைகளை அனுப்பிவிட்ட பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இன்றிரவு தொலைபேசியில் பேசும்போது, "வேலை கிடைத்ததா?" என்று கேட்பதற்கு முன், "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். பதிலை அவசரப்படாமல் கேளுங்கள். கடனைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.