அச்சு யாருடைய கையில்?

சில காலத்துக்கு முன்னர் தையற் பயிற்சி நிலையம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். காணி பூமியை விட்டு வந்த பெண்கள் சிலர் அங்கே பஞ்சு வைத்த போர்வைகளைத் தைத்துக்கொண்டிருந்தனர். மேற்துணியிலே நத்தை ஓடு போலச் சுழன்று செல்லும் கோடுகள் நீல நிறத்தில் இடப்பட்டிருந்தன. அக்கோடுகளின் மேல் ஓடிய தையல் மிக நேர்த்தியாக இருந்தது.

"இந்தக் கோட்டை ஆர் கீறினது?" என்று கேட்டேன்.

"அது கந்தோரில இருந்து கீறி வாறது, ஐயா. தட்டு அவையிட்டத்தான் இருக்கு" என்றார் ஒரு தாய்.

திட்டக் காலம் முடிந்தது. தட்டும் போய்விட்டது. ஊசியும் நூலும் கையில் இருந்தும் அடுத்த போர்வையைத் தொடங்க அவர்களால் முடியவில்லை. இது பற்றியே இங்கு எனது கருத்தைக் கூற விரும்புகிறேன்.

குவில்ற் எனப்படும் இப்போர்வையில் மூன்று படைகள் உண்டு. மேற்துணி, நடுவே பஞ்சு, கீழ்த்துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிப்பது தையலே. தையல் ஐதாக இருந்தால் கழுவும்போது பஞ்சு ஒரு மூலையில் திரண்டுவிடும். சுருள் கோலத்தில் தையல் எல்லா இடத்திலும் ஒரே இடைவெளியில் ஓடுவதால் பஞ்சு அசையாது. ஒரே கோடாகச் செல்வதால் நூலை அடிக்கடி அறுத்து முடிச்சிடவும் தேவையில்லை. இக்கோட்டை மேற்துணியில் இடுவதற்கு உதவுவதே ஸ்ரென்சில் என்னும் வெட்டுத் தட்டு. ஆகவே தட்டு இல்லையென்றால் தொழில் இல்லை என்று நினைக்கத் தோன்றுகிறது. அந்த நினைப்புத்தான் தவறானது.

இத்தொழில் வேரூன்றியிருந்த இரு இடங்களைப் பார்ப்போம். இங்கிலாந்தின் வடபகுதியில் அலன்ஹெட்ஸ் என்னும் சிறு கிராமம் இருக்கிறது. அங்கே கடை வைத்திருந்த ஜோர்ஜ் கார்டினர் என்பவர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போர்வைத் துணிகளுக்கு நீலப் பென்சிலால் கோலம் கீறிக் கொடுத்தார். மக்கள் துணியை அனுப்பிப் பணமும் கொடுத்தார்கள். கோடு கீறுவதே தனித்தொழிலாயிற்று. அவரிடம் பழகிய எலிசபெத் சாண்டர்சன் என்ற பெண் பின்னர் அதே தொழிலைச் செய்து மற்றப் பெண்களையும் பழக்கினார். தைப்பவருக்கு ஒரு கூலி, கீறுபவருக்கு ஒரு கூலி என்றால், கீறத் தெரிந்தவருக்கு இரண்டும் கிடைக்கும் அல்லவா?

அடுத்தது வேல்ஸ் நாடு. சுருள் கோலம் அந்நாட்டுப் போர்வைகளின் அடையாளம் என்றே சொல்லலாம். அங்குள்ள பெண்கள் கோப்பை, தட்டம், வெட்டிய மட்டை ஆகியவற்றை வைத்துச் சோக்கினால் தாமே கோடு கீறினார்கள். நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை இல்லாமற்போய் வீடுகள் வாடிய வேளையில், 1928இல் கிராமியக் கைத்தொழிற் பணியகம் இப்பெண்களின் தொழிலுக்குக் கைகொடுக்க முன்வந்தது. நல்ல துணி கிடைத்தது. லண்டனில் சந்தை கிடைத்தது. 1930களில் அங்குள்ள கிளாரிட்ஜஸ் ஹோட்டல் கூட இவர்களின் போர்வைகளை வாங்கியது. 1939இல் யுத்தம் வந்ததும் அந்தச் சந்தை அற்றுப்போயிற்று. ஆனால் கோலங்கள் அழியவில்லை. ஏனெனில் அவை பணியகத்தின் அலுமாரியில் இருக்கவில்லை, பெண்களின் கைகளில் இருந்தன. 1954இல் மேவிஸ் ஃபிற்ஸ்ரான்டொல்ஃப் அம்மையார் இத்தொழில் பற்றி நூல் வெளியிட்டபோது அவர் எழுதியதும் அந்தக் கைகள் அறிந்தவற்றையே.

"புதிதாகப் பழகுபவரால் ஒழுங்காகக் கீற முடியாது. வாங்குபவர் எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்கிறார்" என்று பயிற்சி நடத்துவோர் கூறுவர். இதில் உண்மை உண்டு. தட்டு வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. தட்டை வெட்டவும் பழக்குங்கள் என்றே சொல்கிறேன்.

அது கடினமன்று. கட்டையில் கட்டிய மாடு ஒரே பக்கமாகச் சுற்றி வந்தால் கயிறு கட்டையில் சுற்றுப்பட்டு, மாடு வரவர உள்ளே வருவதைக் கண்டிருப்பீர்கள். அதன் காலடித் தடமே சுருள். ஒரு மட்டையின் நடுவில் சிறு உருளைக் கட்டை ஒன்றை அசையாமல் நிறுத்தி, அதில் நூலைக் கட்டி, மறுமுனையில் பென்சிலைக் கட்டுங்கள். நூலை இறுக்கிப் பிடித்துச் சுற்றி வந்தால் சுருள் தானாக விழும். கட்டை ஒரு சென்ரிமீற்றர் தடிப்பானால் கோடுகளுக்கு இடையே மூன்று சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக வரும். நெருக்கமாக வேண்டுமானால் மெல்லிய கட்டை போதும்.

பின்னர் அக்கோட்டின் வழியே பென்சில் நுனி நுழையும் அளவுக்கு வெட்டுங்கள். முழுவதையும் வெட்டினால் மட்டை சுருளாகத் தொங்கிவிடும். ஆகவே இடையிடையே சிறு பாலங்களை வெட்டாமல் விடவேண்டும். துணியில் அந்த இடைவெளிகளைக் கையால் இணைத்துக்கொள்ளலாம். பழைய எக்ஸ்றே படத்தில் வெட்டினால் நெடுநாள் உழைக்கும். கீறும் பென்சிலோ சோக்கோ கழுவினால் போகிறதா என்று முதலில் துண்டுத் துணியில் பாருங்கள். கோடு போகும்வரை அயன் பண்ண வேண்டாம். சூட்டினால் சில மைகள் துணியிலேயே தங்கிவிடும்.

எந்த விவசாயியும் தன் விதைநெல்லை மற்றவர் களஞ்சியத்தில் விட்டுவிட்டு நிம்மதியாக உறங்கமாட்டான். இத்தொழிலுக்கு விதைநெல் அந்தத் தட்டுத்தான். பயிற்சி நடத்துவோரே, சான்றிதழ் கொடுக்கும் நாளில் ஒவ்வொருவர் கையிலும் அவரவர் வெட்டிய தட்டு ஒன்று இருக்கட்டும். பயிற்சிக்குச் செல்லும் சகோதரிகளே, தையல் பழகுவதோடு நின்றுவிடாதீர்கள். "கோடு கீறவும் காட்டித் தாருங்கோ" என்று முதல் நாளிலேயே கேளுங்கள். நாளை நாம் எங்கே போக நேர்ந்தாலும் அந்த அறிவு நம்முடனேயே வரும்.