கடை ஊழியரின் ஓய்வூதியமும் அரசு உதவியும்: ஒரு தவறான பயம்

திண்டுக்கல் வெங்காய மண்டிகளிலும் மளிகைக் கடைகளிலும், ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டிலும் இப்போது ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. ஊழியரை பி.எப்.பில் சேர்க்கலாம் என்றால் ஊழியரே வேண்டாம் என்கிறார். "பிடித்தம் செய்யாமல் கையிலேயே கொடுத்துவிடுங்கள் முதலாளி. பென்ஷன் என்று ஒன்று வந்தால், நாளைக்கு முடியாமல் படுத்தால் தாலுகா ஆபீசில் கிடைக்கிற பணம் கிடைக்காதாம்" என்கிறார். நம்மில் சிலருக்கு இந்தப் பேச்சு இனிக்கவும் செய்கிறது. ஊழியரே வேண்டாம் என்ற பிறகு நாம் ஏன் பணம் கட்ட வேண்டும் என்று சும்மா இருந்துவிடுகிறோம்.

இந்தப் பயத்தில் கால்பங்கு உண்மை உண்டு. முக்கால்பங்கு கேள்விப்பட்ட கதை. எது உண்மை, எது கதை என்று பிரித்தறிவது நமக்கும் நல்லது, நம்மிடம் வேலை செய்பவர்களுக்கும் நல்லது.

முதலில் ஈ.எஸ்.ஐ. 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் கடைக்கு இது பொருந்தும். பி.எப்.புக்கு 20 பேர். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்த பிறகும் இந்த எண்ணிக்கைகள் மாறவில்லை. 2019 ஜூலை முதல் ஈ.எஸ்.ஐ.க்கு ஊழியர் பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், நம் பங்கு 3.25 சதவீதம். 15,000 ரூபாய் சம்பளக்காரருக்கு அவர் கொடுப்பது 112 ரூபாய் 50 காசு, நாம் கொடுப்பது 487 ரூபாய் 50 காசு.

இதற்கு அவருக்குக் கிடைப்பது என்ன? ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாட்களுக்குப் பணம் கட்டியிருந்தால், நோயுற்ற காலத்தில் சம்பளத்தில் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கிடைக்கும். காசநோய், புற்றுநோய், பக்கவாதம் போன்ற 34 நீண்டகால நோய்களுக்கு, உரிய சேவைக்காலம் இருந்தால், 80 சதவீதம் வீதம் இரண்டு ஆண்டுகள் வரை கிடைக்கும். மூட்டை இறக்கும்போது விபத்து நேர்ந்து நிரந்தர ஊனமானால், சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று மருத்துவக் குழு கணித்து, அதன்படி ஆயுள் முழுவதும் மாதப்பணம் கிடைக்கும்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். இவை எதற்கும் "உன் வீட்டு வருமானம் என்ன, சொத்து என்ன" என்று யாரும் கேட்பதில்லை. கட்டிய பணத்துக்கு உரிய உரிமை இது, வறியவர் என்று விண்ணப்பித்து வாங்குவதல்ல. ஒரே காரணத்துக்காக இரண்டு சட்டங்களின் கீழ் ஒரே வகைப் பலனைப் பெற முடியாது என்ற கட்டுப்பாடு மட்டும் உண்டு. நிரந்தர ஊனத்தால் வேலையை விட்டவரும், ஐந்து ஆண்டு காப்பீட்டில் இருந்து வயதாகி ஓய்வு பெற்றவரும், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் தமக்கும் வாழ்க்கைத் துணைக்கும் ஈ.எஸ்.ஐ. மருத்துவ வசதியைத் தொடரலாம். இது நம் ஊழியர்களில் பலருக்குத் தெரியாது.

அடுத்து பி.எப். ஓய்வூதியம். 1995 நவம்பர் 16-இல் வந்த திட்டம் இது. நாம் கட்டும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் இதற்குப் போகிறது. 10 ஆண்டு சேவை இருந்தால் 58 வயதில் ஓய்வூதியம். ஆனால் வேலையில் இருக்கும்போது முழுமையான நிரந்தர ஊனம் ஏற்பட்டால் 10 ஆண்டுக் கணக்கு பார்ப்பதில்லை. ஒரு மாதப் பணம் கட்டியிருந்தாலும் ஓய்வூதியம் உண்டு. ஊழியர் இறந்துவிட்டாலும் அப்படியே, மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கிடைக்கும். கையில் வாங்கிச் செலவழித்த பணம் இந்த வேலையைச் செய்யுமா?

இப்போது அந்தக் கால்பங்கு உண்மைக்கு வருவோம். வருமானம் பார்த்துத் தரும் அரசு உதவிகளில்தான் ஓய்வூதியம் குறுக்கே வருகிறது. தமிழகத்தில் 1962 முதல் இருந்துவரும் முதியோர் ஓய்வூதியத்துக்கு ஆதரவற்றவர் என்பதே அடிப்படை. மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கு வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், 80 சதவீத ஊனமும் இருக்க வேண்டும். மாதாமாதம் வங்கியில் ஓய்வூதியம் வரவாகிறது என்றால், விசாரணையில் அந்தக் கேள்வி எழத்தான் செய்யும்.

எல்லா உதவியும் இப்படிப் பறிபோவதில்லை. முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுக்கான ஆண்டு வருமான வரம்பு 2022-இல் 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்ந்தது. 15,000 சம்பளத்தில் 10 ஆண்டு வேலை பார்த்தவருக்கு பி.எப். ஓய்வூதியம் மாதம் சுமார் 2,143 ரூபாய், ஆண்டுக்கு 25,716 ரூபாய். இந்த ஓய்வூதியம் ஒன்றினால் மட்டும் அவர் வரம்பைத் தாண்டிவிட மாட்டார். 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்குக் குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 2,50,000 ரூபாய். 15,000 சம்பளம் ஒன்றையே நம்பிய குடும்பம் அதற்குள்தான் இருக்கிறது. இவையெல்லாம் வருமானத்தைப் பார்க்கின்றன, பி.எப். எண்ணைப் பார்ப்பதில்லை.

பி.எப். எண்ணையே பார்க்கும் திட்டமும் உண்டு. 2019-இல் மத்திய அரசு அறிவித்த அமைப்புசாராத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில், 18 முதல் 40 வயதுக்குள் சேர்ந்து பணம் கட்டினால் 60 வயதுக்குப் பின் மாதம் 3,000 ரூபாய் என்றார்கள். அதில் பி.எப்., ஈ.எஸ்.ஐ. உறுப்பினர் சேர முடியாது. அதே ஆண்டு சிறு வணிகருக்கென்று வந்த திட்டத்திலும் இதே விதிதான். ஊழியர் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். முதுமைக்கு மட்டும் பணம் தரும் திட்டத்துக்காக, நோய்க்கும் விபத்துக்கும் கை கொடுக்கும் ஈ.எஸ்.ஐ.யை விடுவது புத்திசாலித்தனம் ஆகாது.

ஆனால் ஓர் அநியாயத்தைச் சொல்லாமல் விட முடியாது. பி.எப். ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகை 2014 செப்டம்பரில் 1,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. தமிழக அரசின் முதியோர் ஓய்வூதியம் 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாகவும், வருவாய்த் துறை வழியாக வரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரியில் 1,500 ரூபாயாகவும் உயர்ந்தன. பத்துப் பதினைந்து வருஷம் பணம் கட்டி 1,000 ரூபாய் வாங்குபவரை "உமக்குத்தான் பென்ஷன் வருகிறதே" என்று திருப்பி அனுப்பினால், ஒரு காசும் கட்டாதவரைவிட அவர் தாழ்ந்து போகிறார். சேமித்தவனுக்குத் தண்டனையா? இதைப் பார்க்கும் அடுத்த ஊழியர் பி.எப். வேண்டாம் என்று சொல்வதில் என்ன வியப்பு?

பிற நாடுகளிலும் இந்தச் சிக்கல் உண்டு. பிரிட்டனில் வறுமை பார்த்துத் தரும் உதவியில் வேலை ஓய்வூதியத்தை முழுக்கக் கழித்துவிடுகிறார்கள். ஆனால் பங்களிப்பு கட்டியவருக்கு நோயால் வேலை செய்ய முடியாதபோது தரும் தொகையில், வாரம் 85 பவுண்டு வரையான ஓய்வூதியத்தைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அதற்கு மேல் வருவதிலும் பாதியை மட்டுமே கழிக்கிறார்கள். சிறு ஓய்வூதியத்தைத் தொடாமல் விட வழி இருக்கிறது என்பதற்கு இது சாட்சி.

நம் கோரிக்கையும் இதுதான். அமைப்புசாராத் தொழிலாளியின் முதுமைக்கு 3,000 ரூபாய் வேண்டும் என்று மத்திய அரசே கணக்குப் போட்டிருக்கிறது. அப்படியானால் மாதம் 3,000 ரூபாய்க்கு உட்பட்ட பி.எப். ஓய்வூதியத்தை, முதியோர், மாற்றுத்திறனாளி உதவிகளுக்கு வருமானமாகக் கொள்ளக் கூடாது. குறைந்தபட்சம், அரசு உதவித் தொகைக்கும் அவர் பெறும் ஓய்வூதியத்துக்கும் உள்ள வித்தியாசத்தையாவது கொடுக்க வேண்டும். நம் சங்கம் இதைத் தீர்மானமாக நிறைவேற்றி மத்திய, மாநில அரசுகளுக்கு அனுப்ப வேண்டும்.

அரசைக் கேட்கும் நாம் நம் கல்லாவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 15,000 கொடுத்துவிட்டு 8,000 என்று எழுதிப் பணம் கட்டும் பழக்கம் வணிகத்தில் இல்லை என்று சொல்ல முடியாது. அந்த ஊழியர் படுத்தால் 70 சதவீதம் என்பது 10,500 அல்ல, 5,600 ரூபாய்தான். பத்து வருஷம் கழித்து ஓய்வூதியம் 2,143 அல்ல, 1,143 ரூபாய்தான். மாதாமாதம் நமக்குக் கொஞ்சம் பணம் மிச்சம், அவருக்கோ ஆயுள் முழுக்க நஷ்டம்.

பத்துப் பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் சிறு கடைக்காரர்களும் கை விரிக்க வேண்டியதில்லை. பெரும்பாலான ஊழியர்கள் சம்மதித்தால் பி.எப்.பில் விரும்பிச் சேரலாம். எதில் சேர்வது என்று ஊழியரை உட்கார வைத்துப் பேசி முடிவெடுங்கள். கடை மாறிப் போகிறவரிடம், ஓய்வூதியக் கணக்குப் பணத்தை எடுத்துவிடாமல் புதிய கடைக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். பத்து ஆண்டு நிறைவதற்கு அதுவே வழி. அரசு உதவிக்கு விண்ணப்பிக்கும்போது ஓய்வூதியத்தை மறைக்க வேண்டாம், தொகையைச் சொல்லி வருமானச் சான்றிதழ் வாங்கட்டும். தொகை சிறியது என்பதே அவர் பக்க நியாயம்.

காலையில் ஷட்டரைத் தூக்குவதிலிருந்து இரவு கணக்கு முடிப்பது வரை நம்மோடு நிற்பவர்கள் இவர்கள். விதியில் உள்ள குறையை அரசிடம் சொல்லித் திருத்துவோம். அந்தக் குறையைக் காரணம் காட்டி, இருக்கிற பாதுகாப்பை அவர்களுக்கு மறுக்காமல் இருப்போம்.