அஞ்சி அடங்கும் நா

மேலதிகாரியின் முகம் கோணுமே என்று அஞ்சி, கண்ட பிழையைக் கூறாது விடுவதை நம்மவரிற் பலர் பணிவு எனக் கருதுகின்றனர். அப்பணிவு எத்துணைப் பேரழிவுக்கு இடங்கொடுக்கும் என்பதை உலகம் ஒருமுறை கண்டிருக்கிறது.

1977 ஆம் ஆண்டு மார்ச் 27 ஆம் நாள், ஸ்பெயினுக்குரிய தெனரீபே தீவின் விமான நிலையத்தைக் கடும் பனிமூட்டம் மூடியிருந்தது. அங்கு நின்ற ஒல்லாந்து விமானத்தின் தலைமை விமானி, தமது கம்பனியின் ஏனைய விமானிகளுக்குப் பயிற்சியளித்த மூத்தவர். அனுமதி பெறுமுன் அவர் புறப்பட முனைந்தபோது, துணை விமானி ஒருமுறை தடுத்தார். சிறிது நேரத்தில், புறப்படும் அனுமதி கிடையாமலே விமானம் மீண்டும் ஓடத் தொடங்கியது. இம்முறை துணை விமானி தடுத்தாரில்லை. எதிரே வந்த அமெரிக்க விமானம் ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ என விமானப் பொறியியலாளர் ஐயுற்று வினவினார். விலகிவிட்டதெனத் தலைவர் அழுத்திக் கூறவே, அவரும் அடங்கினார். சில வினாடிகளில் இரு விமானங்களும் மோதின. 583 பேர் மாண்டனர்.

பனியும் வானொலிக் குழப்பமும் காரணங்களே. எனினும் உரிய வேளையில் எழுந்த ஐயத்தை மறுமுறை உரைக்க நா எழவில்லை. இதன்பின்னரே, தலைவரைத் தட்டிக் கேட்கத் துணைவருக்கும், அதற்குச் செவிசாய்க்கத் தலைவருக்கும் பயிற்சியளிக்க விமானத்துறை முற்பட்டது.

அமெரிக்கப் பேராசிரியை ஏமி எட்மன்ட்சன் வைத்தியசாலைகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தபோது, சிறந்த குழுக்களிலேயே கூடுதலான தவறுகள் பதிவாகியிருக்கக் கண்டு வியந்தார். அங்குள்ளோர் தவறுகளை ஒளிக்காது உரைத்தனர் என்பதே அவர் கண்ட விளக்கம். அச்சமின்றி உண்மை பேசக்கூடிய இந்நிலையை அவர் 1999 இல் வெளியிட்ட ஆய்வில் உளப் பாதுகாப்பு என விளக்கினார். இது கண்டிப்பைத் தளர்த்துவதாகாது. கடமையிற் கண்டிப்பும் பேச்சிற் சுதந்திரமும் ஒருங்கே நிலவ முடியும், நிலவவும் வேண்டும்.

கந்தோர்க் கணக்கிலுள்ள பிழை இளைய இலிகிதரின் கண்ணிலேயே முதலிற் படும். வயல் வரம்பிற் கசியும் நீரை முதலிற் காண்பவன் கூலியாளே. தலைமை தாங்குவோரே, அவர்களை அழைத்துக் கேளுங்கள்; சொன்னவர்க்கு நன்றி கூறுங்கள். இன்று சொன்னவனை ஏசுவோமாயின், நாளை வரம்பு உடைந்த பின்னரே நமக்குச் செய்தி வரும்.