கோபத்திற்கு ஐந்து புள்ளி

இணையத்தில் விவாதம் தழைப்பதில்லை. வசவும் வதந்தியுமே மிஞ்சுகின்றன. மக்களிடம் பண்பு குறைந்துவிட்டதே காரணம் என்று புலம்புவோர் உண்டு. பழியை மக்கள் தலையில் கட்டும் இவ்வாதம், களத்தின் உடைமையாளரைத் தப்பவிடுகிறது.

2017இல் பேஸ்புக் நிறுவனம் பதிவுகளை வரிசைப்படுத்த ஒரு கணக்கு வகுத்தது. விருப்பக் குறிக்கு ஒரு புள்ளி என்றால், கோபக் குறி உள்ளிட்ட உணர்ச்சிக் குறிகளுக்கு ஐந்து. புள்ளி மிகுந்த பதிவே பலர் கண்ணில் படும். 2021இல் கசிந்த உள் ஆவணங்கள் இதை அம்பலப்படுத்தின. கோபக் குறியின் மதிப்பை நிறுவனம் பின்னர் குறைத்தபோதும், விதியை எழுதும் கை மாறவில்லை. திரையை விட்டு அகலாத கண்களே விளம்பர வருவாய். வாதிட்டு முடிவு கண்டு எழுந்து செல்வோரால் லாபமில்லை.

அப்படியானால் காவல்துறையின் கையில் தடியைக் கொடுப்பது தீர்வாகுமா? திருவனந்தபுரம் இதற்கு விடை கண்டுவிட்டது. கேரள காவல்துறைச் சட்டத்தின் 118(டி) பிரிவை, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவோடு சேர்த்து 2015 மார்ச் 24 அன்று உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. 2020 நவம்பரில் இடது ஜனநாயக முன்னணி அரசு, மூன்றாண்டு வரை சிறை விதிக்கும் 118ஏ பிரிவை அவசரச் சட்டமாகக் கொண்டுவந்தது. இணையத்தில் பெண்கள் இழிவுபடுத்தப்படுவதைத் தடுப்பதே நோக்கம் என்றது. விமர்சனக் குரலையும் அது நெரிக்கும் என்று இடதுசாரி அணியிலிருந்தே எதிர்ப்பு எழுந்தது. சில நாட்களிலேயே சட்டம் திரும்பப் பெறப்பட்டது. நோக்கம் நல்லதாயினும் வாய்ப்பூட்டு வாய்ப்பூட்டே.

விவாதம் எங்கே தழைக்கும்? 1996இல் கேரளத்தில் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் இதற்குச் சான்று. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கப்பட்டது. கிராம சபையில் பேசியது சாலையாகவும் கிணறாகவும் மாறும் என்றதும் மக்கள் திரண்டனர். பேச்சுக்கு அதிகாரம் கிடைத்தபோது பொறுப்பும் உடன் வந்தது. பயனாளிகள் பட்டியலுக்குத் தலையசைக்கும் சடங்காகச் சபை சுருங்கிய இடங்களில் கூட்டமும் சுருங்கியது.

2023 ஜூன் 5 அன்று திருவனந்தபுரத்தில் தொடங்கிவைக்கப்பட்ட கே-ஃபோன், இணையக் கம்பிவடத்தைப் பொதுத்துறையின் கைக்குக் கொண்டுவந்தது. கம்பிவடம் மக்களுடையது, அது சென்று சேரும் களமோ கார்ப்பரேட்டுகளுடையது. பதிவுகளை வரிசைப்படுத்தும் விதிகளை நிறுவனங்கள் வெளியிடச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். முடிவெடுக்கும் அதிகாரம் கொண்ட விவாதக் களங்களை உள்ளாட்சிகள் இணையத்திலும் திறக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாதவரை, மக்களின் கோபம் முதலாளிகளின் கல்லாவையே நிரப்பும்.